பிறேக் பிடிக்காத கடைசிச் சுற்று

சாச்சி,

உங்களுக்கு எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். "சொல்லுறத வாயால சொல்லு புள்ள" என்பீர்கள். வாய் எனக்கு எப்போது வந்தது? பட்டம் வாங்கிய பிறகும், பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, தில்லையடியில் இறங்க வேண்டியவள் பாலாவி வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

இன்று உங்கள் அக்கா, அதுதான் என் உம்மா, அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, நீங்கள் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டி வெளியே வந்தது. தெருவில் பழைய இரும்பு வாங்கும் லொறி நின்றது. "இத குடுக்கட்டா?" என்றார் உம்மா. நான் அதைத் தொலைக்காட்சியில் பொருத்தினேன். "சரிதான், இனி இவள எழுப்பேலாது" என்று லொறியைப் போகச் சொல்லிவிட்டார். பெட்டி சூடேறி, கருகிய தூசியின் மணம் வந்தது. பிறகு அந்த ஓடுபாதை.

அந்த வண்டிகளுக்குச் சில்லு இல்லை. நிலத்துக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி, இன்னும் பிறக்காத ஏதோ நகரத்துக்குள் பறக்கும். நீங்கள் "பறக்கிற வள்ளம்" என்றீர்கள். வளைவில் இடப்பக்க பிறேக்கையோ வலப்பக்க பிறேக்கையோ பிடித்தால்தான் திரும்பும்; இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வேகம் விழுந்துவிடும்.

சண்டை முடிந்து, மன்னாரில் நாங்கள் விட்டுவந்த காணியைத் திரும்பப் போய்ப் பார்த்த காலம் அது. அதில் வீடு எழும்ப யாராவது உழைக்க வேண்டும். நீங்கள் மறுபடி குவைத்துக்குப் போவீர்களா என்பதே அந்த விடுமுறை முழுக்க வீட்டில் கதை. நீங்களோ என்னை டிவிக்கு முன்னால் இருத்தி, நீங்கள் வேலைசெய்த வீட்டுப் பிள்ளைகள் பழக்கியதை அவர்களின் அரபியிலேயே எனக்கும் பழக்கினீர்கள்.

"யமீன்! யமீன்! ஐயோ, இப்ப யசார் புள்ள! சுவத்தக் கொஞ்சவா வந்த?"

ஓதப் போன இடத்தில் மௌலவி வலது கையைக் காட்டி என்னவென்று கேட்டார். "யமீன்" என்றேன். "மாஷா அல்லாஹ், வீட்டுல யாரு சொல்லித் தந்த?" என்றவர், பிறகு வாப்பாவிடம் உங்களைப் புகழ்ந்தாராம். நீங்கள் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். "கேம்ல படிச்சதெண்டு சொல்லிப்போடாத!"

எங்கள் பந்தயங்களில் எப்போதும் நான்தான் வென்றேன். திரையைவிட ஆட்களைப் பார்ப்பது என் பழக்கம். ஒரு நாள் உங்கள் கைகளைப் பார்த்தேன். கடைசி வளைவில் சுட்டுவிரல்கள் இரண்டும் இரு பிறேக்குகளிலும் ஒன்றாக அழுந்தின. உங்கள் வள்ளம் தயங்க, என்னுடையது தாண்டியது.

"ஏன் சாச்சி தோக்கிறீங்க?"

"அங்க தோக்கிறதும் ஒரு வேலதான் மகள். புள்ளைகள் தோத்தா அழும், அழுதா மெடம் வருவா. கை பழகிட்டு."

குவைத்துக்கு டிக்கெட் வந்த அன்று நான் கேம் ரிமோட்டை உங்களிடம் நீட்டினேன். "நான் வெண்டா நீங்க போகப்படாது. சரியா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "ஓம்" என்றீர்கள்.

உங்கள் கையை எனக்குத் தெரியும் என்பதால் பயமில்லாமல் ஓட்டினேன். கடைசி வளைவில் உங்கள் விரல்களையே பார்த்தேன். அவை பிறேக்குக்கு மேலே நின்றன, அழுத்தவில்லை. உங்கள் வள்ளம் கோட்டைக் கடந்தது. ஒன்று என்ற இலக்கம் உங்கள் பக்கத்தில் மின்னியதை அன்றுதான் கண்டேன். யாரோ தவறுதலாகத் தந்த பொருளைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நல்லாத்தான் ஓட்டின" என்று என் தலையைத் தடவினீர்கள்.

நீங்கள் போன இரண்டாம் வருடம் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள். மன்னாரில் அத்திவாரம் மட்டும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய காசில் மிச்சம் என் படிப்பானது. "சாச்சி போனதாலதான் நீ இந்த இடத்துல" என்கிறார்கள். ஓம் என்கிறேன், உண்மைதானே. ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டால், இப்போதும் யமீன்தான் முதலில் நாக்குக்கு வருகிறது, வலது பிறகுதான்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கேட்டால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேனோ என்று இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டு வந்தேன். என் கனவிலாவது ஒரு தடவை வாருங்கள் சாச்சி, அந்தப் பந்தயத்தை மறுபடி ஓடுவோம். நான் படிக்காதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கடைசி வளைவில் இரண்டு பிறேக்கையும் பிடியுங்கள்.