நானூறு வோல்ட் கேட்ட சலவை நிலையம்

அனுப்புநர்:
ஜஹனாரா பீவி,
உரிமையாளர், பனிமலைச் சலவை நிலையம்,
பேரிக்காய்த் தோட்டத் தெரு, கொடைக்கானல்.

பெறுநர்:
கோட்ட மின் பொறியாளர் அவர்கள்,
கோட்ட மின் அலுவலகம்.

பொருள்: மும்முனை 400 வோல்ட் இணைப்பு மறுக்கப்பட்டதால் பணியாளர் காளியாயியின் கை வெந்தது தொடர்பாகவும், பழியை அவர்மீதே சுமத்திய அறிக்கையைத் திருத்தக் கோருதல் தொடர்பாகவும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மலையில் ஆண்டில் பாதி நாள் கொடியில் போட்ட துணி காய்வதில்லை. ஆகவே தங்கும் விடுதிகளின் விரிப்புகளை வெளுத்துத் தர, ஐந்து குதிரைசக்தியில் துணி பிழியும் இயந்திரமும், ஒன்பது கிலோவாட் சூடேற்றிகள் கொண்ட உலர்த்தும் அறையும், மூன்று மின் இஸ்திரிப் பெட்டிகளும் அமைத்தேன். இயந்திரத்தின் பித்தளைத் தகட்டில் ‘மும்முனை, 400 வோல்ட்’ என்று பொறித்திருந்தது. அதையே எழுதி, சென்ற நவம்பரில் விண்ணப்பித்தேன். மும்முனைக் கம்பிகள் என் தெருமுனைக் கம்பம் வரை வந்தே இருக்கின்றன.

2. பிப்ரவரியில் பார்வையிட வந்த பிரிவு அதிகாரி, தரை ஈரமாக இருந்ததால் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, “துணி தொவைக்கிற எடத்துக்கு எதுக்கும்மா மும்முனை? லைட்டு எரியணும், அம்புட்டுத்தானே?” என்று தீர்ப்பளித்தார். 230 வோல்ட் ஒருமுனை இணைப்பை அனுமதித்து, இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிவிட்டு இரண்டு குதிரைசக்தியில் ஒருமுனை மோட்டார் வைக்கும்படி கடிதமும் அனுப்பினார். தகட்டைப் படிக்காமலே மோட்டாரை மாற்றச் சொல்லும் புலமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நான் கீழ்ப்படிந்தேன். இவ்விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றே.

3. எல்லாம் சேர்ந்து ஓடும்போது அறுபது ஆம்பியர் வேண்டும். மூன்று முனைகளில் பிரித்திருந்தால் ஒவ்வொன்றிலும் இருபது. அதிகாரி தந்ததோ முப்பது தாங்கும் ஒரே இணைப்பு. ஏப்ரலில் மூன்று முறை பியூஸ் உருகியது. மூன்றாம் முறை வந்த லைன்மேன் பொன்னுச்சாமி, பியூஸில் எளிதில் உருகாத தடித்த கம்பியைச் செருகினார். கேட்டதற்கு, “ஐயாதாம்மா தடிக் கம்பியப் போட்டுட்டு வெரசா வரச் சொன்னாக. எனக்கே மனசு ஒப்பல” என்றார். எச்சரிக்கும் வாயை அடைத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்பது தங்கள் அதிகாரி கண்டுபிடித்த புதிய மின்னியல்.

4. மே மாதம் 9ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு மீட்டர் பலகை தீப்பற்றியது. உலர்த்தும் அறைக்குள் நான்கு பெண்கள் இருந்தனர். வெளியேறும் ஒரே வழி அந்தப் பலகையை ஒட்டியது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காளியாயி ஓடிவந்து, உருகிக்கொண்டிருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பற்றி இழுத்து அணைத்தார். நால்வரும் ஒரு காயமுமின்றி வெளியே வந்தனர். காளியாயியின் வலது உள்ளங்கைத் தோல் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. “ஒரு கம்பைக் கொண்டு தட்டியிருக்கக் கூடாதா?” என்று ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது, “உள்ள நாலு உசுரு கெடக்கு, கம்பைத் தேடிக்கிட்டு நிக்கச் சொல்றீகளா பீவிம்மா?” என்றார். வெள்ளகவி மலைக்கிராமத்தைச் சேர்ந்த அவருக்கு இப்போது மூன்று விரல்கள் மடங்குவதில்லை.

5. அதே பிரிவு அதிகாரி எழுதிய விசாரணை அறிக்கை வந்தது. ‘ஈரக்கையுடன் சுவிட்சைத் தொட்ட பெண் கூலியாளின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்கிறது. இஸ்திரி போடுகிறவர் ஈரக்கையோடு நிற்பாரா என்பதை, மடிப்புக் கலையாத சட்டை அணியும் அதிகாரி தம் வீட்டில் யாரிடமேனும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். தடித்த கம்பியைப் பற்றிப் பொன்னுச்சாமி அஞ்சாமல் சொன்ன வாக்குமூலம் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

6. ஜூன் 18ஆம் தேதி, அதே அதிகாரியிடமிருந்து இன்னொரு கடிதம். என் தேவை மிகப் பெரிது என்பதால் 11,000 வோல்ட் உயர் அழுத்த இணைப்பு பெற்று, சொந்தச் செலவில் டிரான்ஸ்பார்மர் நிறுவ வேண்டுமாம். பிப்ரவரியில் விளக்கு மட்டும் எரியும் கடையாகத் தெரிந்த கட்டடம் ஜூனில் நூற்பாலையாகத் தெரிகிறது. இரண்டு முறையும் அவர் உள்ளே வந்து பார்க்கவில்லை என்பது மட்டும் மாறவில்லை. நான் கேட்டது 400. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

7. எனவே ஐயா அவர்கள், தகட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பிச் சுமையைக் கணக்கிடச் செய்து, மும்முனை 400 வோல்ட் இணைப்பை வழங்கவும், பொன்னுச்சாமியின் வாக்குமூலத்தைச் சேர்த்து அறிக்கையைத் திருத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். பொன்னுச்சாமியை இதற்காக வேறு மலைக்கு மாற்றிவிடாமலும் காக்க வேண்டும்.

அறிக்கை சரியென்றே தாங்கள் கருதினால், ஒன்றே ஒன்று செய்தருள வேண்டும். காளியாயிக்குப் படிக்கத் தெரியாது. பிரிவு அதிகாரி நேரில் வந்து, அந்த நான்கு பெண்களின் முன்னிலையில், ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைக் காளியாயியின் முகத்தைப் பார்த்து உரக்கப் படித்துக் காட்டட்டும். இம்முறையாவது உள்ளே வரட்டும். தரையைத் துடைத்து வைக்கிறோம்.

இடம்: கொடைக்கானல்
நாள்: 3-7-1962

இங்ஙனம்,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஜஹனாரா பீவி