ஏரியில் படகு இருக்கும்போது அழக் கூடாது

திங்கள், 6

வாடைக்காற்று. வெயிலே இல்லை. கடைசி பீரியட் நாடக வகுப்பு. இன்று படித்தது: மூச்சு வயிற்றிலிருந்து. கண் கடைசி பெஞ்சில். பார்ப்பவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது.

ஆண்டு விழா நாடகத்தில் பொன்னி வேஷம் எனக்கு. எனக்கே எனக்கு. டீச்சர் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. பொன்னியின் புருஷன் கடலில் மூழ்கிப் போய்விடுகிறான். கடைசியில் அவள் ஒப்பாரி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நைனா ஏரியில் மீன் பிடிக்கும்போது யாரும் வாய்விட்டு அழக் கூடாது, படகுக்கு ஆகாதாம். தம்பிக்கு முட்டி பெயர்ந்தால்கூட அம்மா அவன் வாயைப் பொத்துவாள்.

புதன், 8

ஒத்திகை. ஒப்பாரி வரும் இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன். தொண்டை வலி என்று பொய். நைனாவின் படகு அப்போது ஏரியில்தான் இருந்தது.

வெள்ளிக்குள் குரல் வராவிட்டால் வேஷம் கூடப் படிக்கும் ஜெனிஃபருக்கு. டீச்சர் கோபப்படவில்லை. வெந்நீர் வாங்கித் தந்தார். அதுதான் இன்னும் கஷ்டம்.

வியாழன், 9

ஜெனிஃபர் வீட்டுக்கே வந்து, பொன்னிக்குக் கட்ட வெள்ளைப் புடவை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டாள். முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

அவள் போனதும் அம்மா அடிக்கவில்லை. "அப்பன் தண்ணில கீறப்போ ஒப்பாரி வெப்பியாடி நீ?" என்றாள்.

நைனா வலையில் ஒட்டிய பாசியை எடுத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது, என்றைக்கு அழ வேண்டும் என்று கேட்டார். நாளை ஒத்திகை, சனிக்கிழமை விழா என்றேன்.

போர்வைக்குள் எழுதுகிறேன். முடியாது என்று டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வேன்.

வெள்ளி, 10

விடிந்து பார்த்தால் படகு கரையில். இன்று எங்கள் பாடு. ஏரியில் மீன் நிறைய விழும் இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். விட்டால் மறுபடி வர நாளாகும். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"கரையிலதான் கீறேன். போய் நல்லா அழு," என்றார் நைனா. "நாளிக்கும் போவல."

அழுதேன். வயிற்றிலிருந்து. ஜெனிஃபர் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நைனாவிடம் நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டார்.

சனி, 11

முடிந்தது. நாளை நைனா மறுபடி ஏரிக்கு. பயம் போகவில்லை. ஆனாலும் இன்று கிடைத்தது போதும்.

அம்மா, நைனா, தம்பி மூவரும் வந்திருந்தார்கள். நான் ஒப்பாரி வைத்த நேரம் முழுக்க அம்மா நைனாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லார் எதிரிலும். மேடையிலிருந்தே தெரிந்தது.

திரும்பி வந்ததும் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தது மாதிரி தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டுமாம். நான் ஊற்றிக்கொண்டேன். தம்பியும்.

"செத்தவனும் குளிக்கணுமா?" என்றார் நைனா.

அம்மா சொம்புத் தண்ணீரை அப்படியே அவர் முகத்தில் வீசினாள். பிறகு அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.