கறுப்பு மூடியில் ஈரச் சந்தனம்

இன்று காலை பக்கத்து வளவில் யாரோ கார் ஸ்ராட் பண்ணினார்கள். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பற்றவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கை ஓடாது. பாலை இறக்கி வைத்துவிட்டு வேலியடியில் போய் நின்றேன். எஞ்சினுக்கு மேல் மூடியான பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஆம்பிளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சுத்துதெண்டால் பற்றறி சரி. பிறகென்ன, எண்ணெய் வருகுதோ, நெருப்பு வருகுதோ? அந்த ரெண்டையும் பாரும்."

மற்றப் பெண்சாதிமார் புருஷன்மாரோடு படம் பார்க்கப் போனார்கள். நான் உங்களோடு எஞ்சின் சத்தம் கேட்டேன். வாடகைக் கார் ஓடுகிற உங்களுக்குப் பிள்ளையும் இல்லை, கையாளும் இல்லை. சாவி திருக ஒரு ஆள் வேண்டும், அது நான். பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு "அடியும்" என்பீர்கள், பிறகு "விடும்" என்பீர்கள். எங்கள் தீவில், சுருவில் ஊர் ஒழுங்கைகளில் எனக்குக் கார் ஓடப் பழக்கியபோது ஊரே சிரித்தது. "சிரிக்கிறவை நடந்து போகட்டும்" என்றீர்கள்.

ஒரு வருடம் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டி முடித்த சந்தோசப் புளுகம் உங்களுக்கு. சரஸ்வதி பூசையன்று வழக்கம்போல ஸ்ரியறிங்கில் ஒரு பொட்டு வைத்ததோடு நிற்கவில்லை. பொனற்றைத் திறந்து உள்ளேயும் அள்ளி அள்ளிச் சந்தனம் பூசினீர்கள். "கலியாணத்தண்டு உங்களுக்குக்கூட இவ்வளவு பூசேல்லை" என்று பகிடி பண்ணினேன்.

மறுநாள் விடிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். சட்டையெல்லாம் வேர்வை. "யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு விடும்" என்றீர்கள். உங்களை முன் இருக்கையில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினேன். சுற்றியது. பற்றவில்லை.

ஒருவர் திருக, ஒருவர் பார்க்க வேண்டிய வேலை. இந்த முறை ஆள் மாறியது. நீங்கள் சாய்ந்திருந்தபடி கையை நீட்டித் திருகினீர்கள். நான் பொனற்றுக்குள் நின்றேன். பெற்றோல் குழாயைக் கழற்றினேன், பெற்றோல் பீறிட்டது. திரும்பப் பூட்டினேன். பிளக் வயரைக் காய்ந்த துணியால் பிடித்து எஞ்சினுக்குக் கிட்டக் காட்டினேன். பொறி இல்லை.

"நெருப்பில்லையப்பா!"

நெஞ்சைத் தடவி மூச்சை இழுத்தீர்கள். பிறகு, "பிளக்குகளுக்குக் கறண்ட் பிரியிற கறுப்பு மூடியைப் பாரும். சந்தனம் காஞ்சிட்டுதே?"

காயவில்லை. மழைக்குளிருக்குள் பூசினபடியே ஈரமாக இருந்தது.

"கறண்ட் அந்த ஈரத்தால இறங்கிப் போகுது. துடையும்."

"சாமிக்கு வைச்சதையே?"

"துடையுமப்பா. சரஸ்வதி கோவிக்கமாட்டா."

சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். அடுத்த திருகலில் எஞ்சின் பற்றியது. நான் ஓவென்று அழுதேன். உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன்.

தீவிலிருந்து கடலைக் கடந்து யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தில் ஏறியதும் "சத்தம் நல்லாயிருக்கு" என்றீர்கள். பாதையிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயம். திரும்பிப் பார்க்காமலே கதைத்துக்கொண்டு ஓடினேன். காற்றடிக்குது, கண்ணாடியை ஏற்றட்டோ என்றேன். மருந்து தந்தால் பின்னேரமே வீட்டுக்கு வந்திடலாம் என்றேன். இனி இந்தச் சந்தன விளையாட்டு வேண்டாம் என்று ஏசவும் செய்தேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எஞ்சினைக் கேட்கும்போது வாய் திறக்காத மனிதர்தானே, கேட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தவர் உங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "எஞ்சினை நிப்பாட்டுங்கோ அம்மா, அவசரமில்லை" என்றார்.

காரை விற்றுவிட்டேன். யாழ்ப்பாணத்துக்கு இப்போது பஸ்தான். பாலத்தில் ஏறியதும் என் வாய் தானாக அசையத் தொடங்கிவிடும். நான் மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எந்த இடம்வரை நீங்கள் கேட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் பாலம் முடியும்வரை கதைக்கிறேன்.