பன்னிரண்டு புள்ளிகள்

ஜூன் 3
புதிதாகச் சேர்ந்த பதினான்கு பேருக்குத் தடய அறிவியல் அறிமுக வகுப்பு எடுக்க வேண்டுமாம். நான் கைரேகைப் பிரிவு. ஆனாலும் விஷம், ரத்தம், தோட்டா, கையெழுத்து என்று எல்லாக் கிளைகளையும் தொட வேண்டும். "வரலாறும் கொஞ்சம் தூவுங்க, தூங்காம இருப்பாங்க" என்றார் மேலதிகாரி. வரலாற்றால் விழித்திருந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஜூன் 5
ரேகை வருவதற்கு முன்பு குற்றவாளியின் காது, மண்டை, நடுவிரல் எல்லாம் அளந்து அட்டையில் குறித்தார்கள். அளப்பவர் மாறினால் அளவும் மாறும் என்பது தையல்காரருக்குத் தெரியும். அறிவியலுக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. பிறகு ரேகை வந்தது. தவறே செய்யாதது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 6
உதாரணத்துக்கு என் பெயர்பெற்ற வழக்கு: நகைக்கடைக் காவலாளி கொலை. கண்ணாடிக் கதவில் பாதி பதிந்த பெருவிரல் ரேகை. பழைய அடிதடி வழக்கில் ரேகை பதிவான லாரி டிரைவருடையது என்றேன். பன்னிரண்டு புள்ளிகள் பொருந்தின. ஆயுள் தண்டனை. ஒன்பது வருடம் ஆகிறது. தீர்ப்பைக் கேட்டதும் அவர் நீதிபதியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார் — கூடவே இருந்து காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல.

ஜூன் 9
வகுப்பில் காட்ட அந்தக் கதவு ரேகையைச் சுவரளவு பெரிதாக்கினேன். எட்டாவது புள்ளி இல்லை. அங்கே இருப்பது கண்ணாடிக் கீறல்.

ஜூன் 10
ஒன்பதாவதும் இல்லை. என்ன செய்தேன் அன்றைக்கு? தெரியும். கதவு ரேகையில் புள்ளிகளைக் குறித்து மூடிவைத்த பிறகே ஆளின் ரேகையைத் திறக்க வேண்டும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். டிரைவரின் விரலில் இருந்ததையெல்லாம் கதவில் தேடினேன். தேடினால் கிடைக்காதா?

ஜூன் 11
அன்று என் அறிக்கையைச் சரிபார்த்து இரண்டாம் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்கப் போனேன். ஆமாம்சாமி என்பது அலுவலகம் வைத்த பெயர். ஓய்வுபெற்று ரோஜா வளர்க்கிறார். "உன் கையெழுத்தப் பாத்துதான்யா நான் போட்டேன். ரேகைய யாரு பாத்தா?" சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயோ, ஏன் சிரிச்சேன்? "விடுய்யா, நீ ரிட்டையர் ஆக நாலு மாசம்தானே இருக்கு" என்றார்.

ஜூன் 12
டம்ளரில், கதவுப் பிடியில், என் மூக்குக்கண்ணாடியில் — எங்கும் அந்த விரல். துடைத்துக்கொண்டே இருக்கிறேன். "நம்ம வீட்ல எந்தக் கொலையும் நடக்கலங்க" என்றாள் மனைவி. அதைச் சொல்ல வேண்டிய நிபுணர் நான்தான்.

ஜூன் 14
வகுப்பு. கோடு முடியும் இடம், பிரியும் இடம் இவற்றைப் புள்ளியாகக் குறிக்கக் காட்டினேன். யாருடையது என்று சொல்லாமல் முதலில் கதவு ரேகை; குறித்த தாளை வாங்கிக்கொண்ட பிறகு டிரைவருடையது. பதினான்கு பேரும் வேறு ஆள் என்றார்கள்.
"இதப் போய் யாராவது தப்பா சொல்வாங்களா சார்?" என்றாள் ஒருத்தி.
"ஒருத்தர் சொன்னார்."
"அவர என்ன பண்ணாங்க?"
"வகுப்பெடுக்க விட்டாங்க."

ஜூன் 15
ரேகை பொருந்தவில்லை, தவறு என்னுடையது என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பென்ஷன் என்னவாகும் என்று மனைவி கேட்பாள் என நினைத்தேன். "அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றாள். தெரியவில்லை. ரேகையில் அது இருக்காது.

நவம்பர் 20
டிரைவருக்கு விடுதலை. நீதிமன்ற வராந்தாவில் அவரே என்னிடம் வந்தார். தலை முழுக்க நரை. மன்னிப்பு எழுதிய தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் திட்டவில்லை. பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். இது என்னோடதுதானே?"
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.