சுண்டலின் குதிகால்

தமிழண்ணா,

மாலை வகுப்புக்குப் போகிறேன். பண்ணையிலிருந்து வந்ததும் கொள்ளுப் பருப்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நம் முயல் சுண்டலுக்குச் சோம்பல் இல்லை, கால் புண். என் கணிப்புத் தப்போ என்று நாட்குறிப்பைப் புரட்டினேன். திங்களன்று பின்னங்குதிகாலில் முடி உதிர்ந்தது, வியாழனன்று தோல் சிவந்தது, இன்று வெடித்துவிட்டது. கால்நடை டாக்டரும் கோழிக்கூண்டின் கம்பித்தளத்தால் வந்த புண் என்றே சொன்னார்.

"கோழி வருசம் பூரா கம்பி மேலதான் நிக்குது, முயலுக்கென்ன நோவாம்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். கோழி விரலால் பிடித்து நிற்கும். முயலின் பாதத்துக்கு முடிதான் மெத்தை.

அதனால் இனிக் கோழிக்கூண்டு வேண்டாம். என் அறையில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பிச் சுண்டலை அதில் விட்டிருக்கிறேன். ஈரமானால் மாற்றுங்கள். இரவு எட்டு மணிக்கு, காய்ச்சி ஆறவைத்த உப்புநீரில் புண்ணைத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, டாக்டர் தந்த களிம்பைத் தடவுங்கள். உதைக்கும், பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

திங்களன்றே உங்களிடம் சொல்லாமல் எழுதி மட்டும் வைத்தது என் தப்பு.

பிரியா

பி.கு.: களிம்பு அலமாரியின் மேல்தட்டில்.

இன்னொன்று: உங்களுக்கு இரக்கமே இல்லை என்று நேற்றுச் சொன்னேன். காலையில் பார்த்தால் கூண்டுக்குள் கம்பிமேல், சுண்டலின் காலடியில், உங்கள் லுங்கி நான்காக மடித்து விரித்திருந்தது. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.