நிரந்தரமாக இடம் மாறியவர்

திருமலைராயன்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தாரிக்குக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நானும் வாப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது தனிக்கட்சி. உன் நலத்துக்கு எந்நேரமும் துஆ செய்கிறேன், போட்டோவில் கன்னத்தில் சதை வைத்திருப்பதைப் பார்த்தால் அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

நீ கார்டிஃபில் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுக்கிறாய் என்று கேட்டதிலிருந்து உன் வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் அந்த வேல்ஸ் சட்டமன்றத்துக்குத் தேர்தலாம், நீங்கள் வேல்ஸ்காரரா பிரிட்டன்காரரா இரண்டுமா என்று நீ கேட்டாயாம், ஒரு பெரியம்மா ரக்பி நடக்கும்போது வேல்ஸ், பாஸ்போர்ட் எடுக்கும்போது பிரிட்டன் என்றாராமே, புத்திசாலி. சொந்த ஆட்சி வேண்டும் என்று உன்னிடம் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு இப்போதிருக்கும் சட்டமன்றம் என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்று ஆச்சரியப்பட்டாய். இதைப் பார்க்க விமானம் ஏறியிருக்க வேண்டாம் கண்ணு, காரைக்கால் டவுன் பஸ் போதும். புதுச்சேரிக்காரர்கள் மாநில அந்தஸ்து தரவில்லை என்று டெல்லியைத் திட்டுகிறார்கள், காரைக்கால்காரர்கள் புதுச்சேரியைத் திட்டுகிறார்கள், நம் பட்டினத்துக்காரர்கள் காரைக்காலைத் திட்டுகிறார்கள், நம் தலைநகருக்குப் போக நாமே தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. வாப்பா உன் கேள்வியை நோட்டில் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அஸர் தொழுகை முடிந்து வருகிறவர்களையெல்லாம் மடக்கினார். மதார் சாகிப் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, பாட்டனார் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துச் சைகோனில் வேலை பார்த்த வகையில் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸைக் கண்ணால் கண்டதில்லை. "நா பிரான்சு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுறவன், எந்தெருவுல லைட்டு எரியலன்னா அவருக்கா போன் போடுறது?" என்று திருப்பிக் கேட்டாராம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வாப்பா இரண்டு நாள் யோசித்தார்.

போன வாரம் அந்தக் கேள்வி நம் வீட்டுக்கே வந்துவிட்டது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் தையல்நாயகி வந்து, உன் பெயரைக் காட்டி, இங்க குடியிருக்காரா, நிரந்தரமா இடம் மாறிட்டாரா என்று கேட்டாள். வாப்பா எகிறிவிட்டார். "எம்மவன் ரெண்டு வருசத்துல வந்துருவான், பேரை எடுத்தீங்க, கலெக்டர் ஆபீசுல வந்து உக்காந்துருவேன்" என்று ஒரே சத்தம். பாவம் அந்தப் பெண், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

தாரிக், நீ அங்கே வீடு வாங்கியதையும் குடியுரிமைக்கு எழுதிப் போட்டதையும் அர்ஷியா என்னிடம் சொல்லிவிட்டாள். தங்கையைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஊரார் கதவையெல்லாம் தட்டி நீங்கள் யார் என்று கேட்கிற பிள்ளைக்குப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை பார். எனக்கு வயிறு எரிகிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இல்லாதவனை இருக்கிறான் என்று எழுதிக்கொடுக்க மனசு ஒப்பவில்லை. நேற்று மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கன்வாடிக்குப் போய், நிரந்தரமாக இடம் மாறியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நெசமாத்தானாம்மா என்று தையல்நாயகி கேட்டாள். கையெழுத்து கோணலாகிப் போய், இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது, வாப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அந்த வீட்டில் பரக்கத்தையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த மாதம் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவார்கள். வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உன் பெயரைத் தேடுவார். அதற்கு முன்னால் நீயே அவரிடம் சொல்லிவிடு.

துஆவுடன்
உன் உம்மா,
கமருன்னிசா