உன் மட்டக் குப்பி

மதினி உன் மரப்பெட்டியைத் திறந்ததும் ஹைப்போ வாடை குப்பென்று அடித்தது. படம் கழுவுகிற அந்த மருந்து வாடையோடு ஒட்டி உட்கார்ந்துதானே இத்தனை வருஷமும் உன்னோடு டீ குடித்தேன். பெட்டிக்குள் மூன்று கால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி, துணிக்குள் சுருட்டி வைத்த, நீ கேமராவுக்கு மட்டம் பார்க்கிற அந்த மருந்துக் குப்பி. விரல் நீளக் கண்ணாடிக் குப்பிக்குள் ஆற்றுத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே ஒரு குமிழி. தண்ணீர் கொஞ்சம் வற்றி, குமிழி பருத்துப்போயிருக்கிறது. வயசானால் எல்லோருக்கும் வருகிற தொந்திதான்.

பாளையங்கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது, தாமிரபரணித் தண்ணீர்தான் மட்டம் காட்டும் என்று நீ அடித்துப் பேசுவாய். "ஏன் வே, கெணத்துத் தண்ணி சாஞ்சா நிக்கும்?" என்று கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

மதினி பெட்டியைத் திறந்தது உன் மகளுக்காக. நீ போனபோது வெளிநாட்டில் அவளுக்கு நிறைமாதம், விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் அடக்கத்துக்கு அவளால் வர முடியவில்லை. அன்றிலிருந்து அவள் அழவே இல்லையாம். உன் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாளாம். இப்போது, பிள்ளை பிறந்த பிறகு, அப்பா கல்லறையைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று அவளாகவே கேட்டிருக்கிறாள். "கொழுந்தனாரே, ஒங்க கூட்டாளி எடுக்க மாதிரி நேரா எடுத்துத் தாங்க. அதப் பாத்தாவது அவ மனசு எளகட்டும்" என்றாள் மதினி.

உன்னை மாதிரி எடுக்க நான் யார்? சைக்கிள் என்னுடையது, கேமரா உன்னுடையது. அவ்வளவுதான் நம் தொழில். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே ஒத்துவராமல் போனது. நீ மட்டம் பார்த்து முடிக்கும்வரை கல்யாணக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அதுவே பெரிய வேலை. ஸ்டாண்டின் ஒரு கால் முன்னால், இரண்டு கால் பின்னால் என்று மண்ணில் அழுத்துவாய். குப்பியைக் குறுக்கே வைத்துப் பார்ப்பாய், பிறகு நெடுக்கே வைத்துப் பார்ப்பாய். ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் தொடுவாய். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேர்வையில் கோட்டு நனைந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். சர்ச்சுக்கு முன்னால் பெஞ்சு போட்டு, எல்லோரையும் உட்கார்த்தி, மட்டமும் பார்த்துவிட்டு, நீ ஃபிளாஷ் பல்பு எடுக்கப் போனாய். சும்மா நின்றால் எனக்குக் கை அரிக்குமே. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லைச் செருகினேன். நீ திரும்பி வந்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாய். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் நேரே பாதிரியாரிடம் போனாய். நம் பக்கத்தில் அவரை ஐயர் என்றுதானே கூப்பிடுவோம்.

"ஐயரே, கோபுரம் கெழக்க சாயுதே, பாத்தியளா?"

ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஓடினார். பெண்ணின் அப்பா அவர் பின்னால் ஓடினார். நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் குந்திவிட்டேன். அதைப் பார்த்ததும்தான் நீ குனிந்து ஸ்டாண்டின் காலைப் பார்த்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி குப்பியை வைத்தாய். படம் வந்தபோது, ஓரத்தில் நின்ற என்னில் ஒரு காது மட்டும்தான் அதில் விழுந்திருந்தது. கேட்டதற்கு, "மட்டம் பாத்த மும்முரத்துல ஒன்னையப் பாக்கலலே" என்றாய்.

வருஷக்கணக்காய் வலது தோளில் கேமராப் பெட்டி தூக்கி, உன் கழுத்து இடது பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. தெருமுனையில் உருவம் தெரிந்தாலே நீதான் என்று சொல்லிவிடலாம். "ஊரையெல்லாம் மட்டம் பாக்குத, ஒன் கழுத்த யாருலே மட்டம் பாக்கது?" என்று கேட்டால், "கேமராவுக்குப் பின்னால நிக்கவன எவன் பாக்கப் போறான்?" என்பாய். அதனால்தான் மதினியிடம் உன் படம் என்று சொல்ல ஒன்றும் உருப்படியாக இல்லை.

நேற்றுக் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். உன் ஸ்டாண்டின் தலையில் என் போனைக் கட்டினேன். போனே ஒரு கோடு போட்டு மட்டம் காட்டுகிறது, நான் நம்பவில்லை. குப்பியைக் குறுக்கே வைத்தேன், நெடுக்கே வைத்தேன். ஒரு காலைத் தொட்டால் குமிழி இந்த ஓரத்துக்கு ஓடுகிறது, இன்னொரு காலைத் தொட்டால் அந்த ஓரத்துக்கு ஓடுகிறது. ஒரு வழியாக அது நடுவில் வந்து நின்றது. போனைப் பார்த்தால், உன் கல்லறைக் கல் சாய்ந்திருந்தது. போன மழையில் ஒரு பக்கம் மண் இறங்கியிருக்கிறது.

மதினியும் பார்த்துவிட்டாள். "கேமராவக் கொஞ்சம் சரிச்சு எடுங்க. கல்லு நேரா தெரியும். அவ மனசு கஷ்டப்படக் கூடாதுல்லா" என்றாள். ஸ்டாண்டின் ஒரு காலைத் தளர்த்தினேன். கல் நிமிர்ந்தது, பின்னால் சுவரும் பனையும் சரிந்தன. எவனுக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் கை வரவில்லை. மறுபடி காலை இறுக்கி, குமிழியை நடுவில் நிறுத்தி, எடுத்து அனுப்பிவிட்டேன். மதினி என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் உன் மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பா கல்லு ஏன் எடது பக்கம் சாஞ்சிருக்கு?"

"ஒங்கப்பா என்னைக்கு நேரா நின்னாரு?"

களுக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து, சின்னப் பிள்ளையில் ஐஸ் கீழே விழுந்ததற்கு அழுவாளே, அந்த மாதிரி அழுதாள். நான் போனை மதினியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம், அப்பா அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

குப்பி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் வைத்துப் பார்த்து, பெஞ்சு சாய்வு என்று சொன்னேன், கடைக்காரர் முறைக்கிறார். உன் கல் இதற்கு மேல் சாயாமல் இருக்க, காலையில் போய் அடியில் ஒரு கூழாங்கல்லைச் செருகிவிட்டு வந்தேன். முடிந்தால் குனிந்து எடு, பார்ப்போம்.